இந்தப் பக்கத்தின் மொழி

பதிமூன்று மார்க்குக்கு இதைப் போய்க் கேட்பார்களா என்று இசக்கியம்மாள் பதினோராம் கேள்வியை மறுபடி படித்தாள், கேட்டுத்தான் இருந்தார்கள், இணையப் பக்கங்களை இழுத்து வைத்து உருவாக்கும் கருவிகளையும் கையால் எழுதும் நிரலையும் ஒப்பிட்டு எது மேல் என்று நிறுவுக, நிறுவுக என்றே போட்டிருந்தது, ஒரு மாதமாகக் கேன்டீனிலும் லேபிலும் கல்லூரிப் பஸ்ஸிலும் தொண்டை வறள அவள் நிறுவிக்கொண்டிருந்த அதே சங்கதி, அதற்கு இப்போது மார்க்கும் தருகிறார்களாம். முன் வரிசையில் செல்வினின் முதுகு தெரிந்தது, கட்டம் போட்ட சட்டை, காலர் ஓரத்தில் பேனா மைக்கறை, அந்த முதுகைப் பார்த்து மனசுக்குள் இப்ப என்னல எழுதுவ என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள், எடுத்த பிறகு கை நிற்கவே இல்லை. இழுத்து வைக்கிற கருவியில் செய்கிறவன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் செய்கிறான், உள்ளே என்ன எழுதப்பட்டது என்று அவனுக்கே தெரியாது, பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு வெறும் பெட்டி, ஒரு பொத்தானுக்கு ஒன்பது சுவர், கேட்டால் அது தானா வந்துச்சு என்பான், தானாக வந்ததற்கு யார் பொறுப்பு, அடிக்கோடு, கையால் எழுதுகிறவளோ ஒவ்வொரு எழுத்துக்கும் பொறுப்பாளி, அதன் கீழே இரட்டை அடிக்கோடு. ஓ என்று அவளுக்கே தோன்றியது, நல்ல வரி, இந்த வரியைச் செல்வினிடம் சொல்லாமல் விட்டுவிட்டோமே, பஸ்ஸில் அன்று அவன் சிரித்துக்கொண்டே, இசக்கி, நீ கையால எழுதுனா என்ன, காலால எழுதுனா என்ன, பாக்கவனுக்குப் பொத்தான் பொத்தான்தான் என்றபோது இதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். கல்லூரிக்கு ஸ்கிரைப் பக்கம் ஒன்று வேண்டியிருந்தது, பார்வை இல்லாத மாணவர்கள் சொல்லச் சொல்லப் பரீட்சைத்தாளில் எழுதிக்கொடுக்கிறவர்தான் ஸ்கிரைப், அதுவரை ஆபீசில் ஒருத்தர் தனக்கு வேண்டிய ஆட்களையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார், இனிமேல் மாணவர்களே தங்கள் போனில் பார்த்து, பார்த்து என்ன, கேட்டு, பெயரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று துறைத்தலைவர் சொல்ல, செல்வின் ஒரே சாயங்காலத்தில் கருவியில் இழுத்து வைத்து ஒன்றைக் கொண்டுவந்தான். இசக்கி அதைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு ஓடித் தங்கபுஷ்பத்தின் போனில் போட்டாள். தங்கபுஷ்பம் எம்.ஏ. தமிழ், ஒரே அறை, பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற குரல்தான் அவளுக்குப் போன். அந்தக் குரல் செல்வினின் பக்கத்தை அடியிலிருந்து படித்தது, முதலில் நன்றி என்றது, அப்புறம் பொத்தான், அப்புறம் பெயர்கள், கடைசியில் வருக வருக. தங்கபுஷ்பம் கட்டிலில் உருண்டு சிரித்தாள், ஏட்டி, காலக் காட்டிட்டு அப்புறமாத் தலையக் காட்டுது. அவன் இழுத்து வைத்த வரிசை அது, கண்ணுக்கு மேலே தெரிந்தது உள்ளே கடைசியாகக் கிடந்தது. அது போதும். மறுநாள் துறைத்தலைவர் முன்னால் இசக்கி பேசின பேச்சில் செல்வினின் பக்கம் கழற்றப்பட்டது, இவள் கையால் எழுதினதுதான் இன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த நேரம் தங்கபுஷ்பம் அதைத் திறந்திருப்பாள்.

அடுத்தது பதினைந்து மார்க், மாணவர் பதிவுக்கு ஓர் இணையப் பக்கம் எழுதுக, நிரல் முழுவதும் தேவை. கம்ப்யூட்டர் பாடத்துக்குப் பேனாவால் நிரல் எழுதச் சொல்கிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது, கையால் எழுதுவது என்பதை இவர்கள்தான் இவ்வளவு நேராகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், என்று வழக்கமான கோபம் ஒன்று வந்து போனது, கை அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. முதல் ஐந்து வரிக்கு யோசனை தேவையில்லை. முதல் வருஷ லேபில் கரண்ட் போன ஒரு நாள் மேடம் எல்லோரையும் பேப்பர் எடுக்கச் சொல்லி, மொத அஞ்சு வரிய மனப்பாடமா எழுதிப் பழகுங்க, கை தானா எழுதணும் என்றார், இசக்கி மட்டும் எழுந்து அர்த்தம் தெரியாம எதுக்கு மேடம் எழுதணும் என்று கேட்டாள், ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேட்டாள், அந்த ஆச்சரியக்குறி எதற்கு, அந்தச் சாய்கோடு எதற்கு, பேருக்கேத்த ஆளுதாம்பா என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது கூடக் காதில் விழுந்தது. இரண்டாம் வரிக்கு மட்டும் அவள் கேட்கவில்லை. அது புரிந்தது. லாங் ஈக்வல் டு ஈ.என்., இந்தப் பக்கத்தின் மொழி இங்கிலீஷ், இதில் கேட்க என்ன இருக்கிறது, அன்று எழுதின பக்கம் இங்கிலீஷில்தான் இருந்தது, அதற்கப்புறம் எழுதின எல்லாப் பக்கமும் இங்கிலீஷில்தான் இருந்தன, கை தானாக எழுதியது, இப்போதும் எழுதியது, ஈ.என். என்று மேற்கோள் குறிக்குள் வைத்து மூடியது. மூன்றாம் வரிக்குப் போன பேனா நின்றது. எதுவோ இடறியது. சேலை முந்தானை ஆணியில் மாட்டினால் முதலில் இழுப்பு மட்டும்தான் தெரியும், எங்கே மாட்டியது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், அப்படி அவள் திரும்பி இரண்டாம் வரியைப் பார்த்தாள். ஈ.என். ஸ்கிரைப் பக்கம் முழுக்கத் தமிழ். தலைப்பு தமிழ், பெயர்கள் தமிழ், தேர்வு செய்க என்கிற பொத்தான் தமிழ், தமிழில்தான் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினதும் அவள்தான். அதன் இரண்டாம் வரி. அதில் என்ன எழுதினாள். எழுதின நினைவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது, மற்ற எல்லா வரியும் நினைவிருந்தது, பெயர்ப்பட்டியலைத் தலைப்புக்குக் கீழே ஒழுங்காக வைத்தது, எண்களைத் தனியாகப் போட்டது, பொத்தானைப் பொத்தானாகவே எழுதியது, முதல் ஐந்து வரி மட்டும் இல்லை, அவற்றைக் கை எழுதியிருந்தது.

பக்கம் நான் இங்கிலீஷ் என்று சொன்னால் போன் இங்கிலீஷ் குரலை எடுக்கும், இங்கிலீஷ் குரலுக்குத் தமிழ் எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது, தாண்டிப் போய்விடும், திணறக்கூட மாட்டாது, இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி அடுத்ததற்குப் போகும், எண் இருந்தால் எண்ணைச் சொல்லும், பொத்தான் இருந்தால் பட்டன் என்று சொல்லும். இல்லை, தங்கபுஷ்பத்தின் போன் புதுசு, அது எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக்கொள்ளும், கண்டுபிடிக்குமா, பக்கமே தன் மொழியைச் சொல்லிவிட்ட பிறகு அது ஏன் சந்தேகப்படப் போகிறது. ஒருவேளை டி.ஏ. என்றே போட்டிருப்போம், தமிழுக்கு டி.ஏ., போட்டிருக்கலாம், அவ்வளவு கவனமாக எழுதினவள் அதைப் போடாமலா இருப்பாள், என்று தனக்கே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்தாள், வாதாடுவதில் அவளை யார் ஜெயிக்க முடியும், ஆனால் எதிர்க்கட்சியில் அவள் கையே உட்கார்ந்திருந்தது, இதோ இந்தத் தாளில், இவ்வளவு யோசனைக்கும் முன்னால், ஈ.என். என்று எழுதிக் காட்டிவிட்டு. செல்வினின் கருவி கேட்டது. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கருவியைத் திறந்ததுமே உங்கள் பக்கம் எந்த மொழி என்று ஒரு பெட்டி வந்தது, அவன் பட்டியலில் கீழே உருட்டி உருட்டித் தமிழைத் தேடித் தொட்டான், பக்கத்தில் நின்று அவள் சிரித்தாள், என்ன மொழியில எழுதப் போறம்னுகூட மெசின் கேட்டாத்தான் ஒனக்குத் தெரியுமால என்றாள், லேபே சிரித்தது, அவனும் சிரித்தான், அவனுக்கு எதுதான் உறைக்கும். அவன் பக்கம் தலைகீழாகப் பேசியது. ஆனால் பேசியது. நன்றியிலிருந்து வருக வருக வரை ஒரு பெயர் விடாமல் பேசியது. தன்னுடையதைத் தங்கபுஷ்பத்திடம் போட்டுக் காட்டவே இல்லையே, ஏன் காட்டவில்லை, அவள் கேட்டாளே, முந்தாநாள் துணி மடித்துக்கொண்டே, ஒருக்காப் போட்டு விடேன், கேட்டுப் பாக்கேன் என்றாளே, இவள் என்ன சொன்னாள், நான் கையால எழுதுனதுட்டி, அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், பரிச்சை முடியட்டும் என்றாள். சரியாத்தான் இருக்கும். அந்தச் சொல்லின் ருசி இப்போது நாக்கில் கசந்தது, மருந்து மாத்திரை பாதியில் கரைந்த மாதிரி. நேற்றுத் தங்கபுஷ்பம் சொன்னது. இசக்கி, நீ காலைல பரிச்சைக்குப் போ, நான் யாரையும் கூப்பிட மாட்டேன், கதவச் சாத்திட்டு நானே பண்ணுதேன். ஒவ்வொரு தடவயும் எவளாவது வந்து எம் போன வாங்கி டக்கு டக்குன்னு தட்டிட்டு ஆச்சுக்கான்னு குடுத்துட்டுப் போறா, என்ன தட்டுனான்னு எனக்குத் தெரியாது, இந்த ஒரு தடவ நான் தட்டுதேன். யாரைத் தட்டப் போறே என்று கேட்டாள் இசக்கி. நாகஜோதி, வேற யாரு, வரலாறு படிக்கா, ஆனா நம்ம தமிழு, நான் ழன்னா ழ போடுவா, ளன்னா ள போடுவா. போன செமஸ்டரில் வந்த ஸ்கிரைப் தலைவி விழித்தாள் என்று தங்கபுஷ்பம் சொன்னதையெல்லாம் விளித்தாள், விளித்தாள் என்று எழுதி வைத்திருந்தான், கண்ணைத் திறந்தவள் தாளெல்லாம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், விடைத்தாள் நகல் வாங்கி இசக்கிதான் வாசித்துக் காட்டினாள், அன்று தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை, நான் சரியாத்தான சொன்னேன், சரியாத்தான சொன்னேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போது தோற்ற அந்தப் பேப்பரில் இந்த முறை தேறினால்தான் பி.எட். சேர முடியும், சேரவில்லையென்றால் ஊருக்கு வந்திரு என்று அவள் அண்ணன் சொல்லியாயிற்று.

எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. மேற்பார்வைக்கு இருந்த ஸ்டெல்லா மேடம் வேதியியல் துறை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, அடிஷனல் ஷீட்டா?"

"மேடம், வெளிய போயி ஒரு போன் பண்ணணும். ஒரே ஒரு போன்."

"நல்லாருக்கே. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். ஒரு வெப்சைட்ல ரெண்டு எழுத்து தப்பா இருக்கு."

மேடம் அவள் தாளை எட்டிப் பார்த்தார். "எம் மக கல்யாணப் பத்திரிகைல மாப்ள பேரே தப்பா இருந்துச்சு. கல்யாணம் நடக்காமலா போச்சு? உக்காரு."

"அப்ப தாள வாங்கிக்கிடுங்க மேடம். நான் போறேன்."

"கடைசி அரை மணி வரைக்கும் வாங்கக் கூடாது, வாங்குனா எங் கழுத்துக்கு வரும். எந்திரிச்சுப் போனா மால்பிராக்டிஸ்னு எழுத வேண்டியிருக்கும், அது ஒங் கழுத்துக்கு. நல்லா எழுதுத பிள்ளதான நீ, உக்காரும்மா."

உட்கார்ந்தாள். துறைத்தலைவரிடம், வார்டனிடம், பஸ் கண்டக்டரிடம், சொந்த அப்பாவிடம் வாய் ஓயாதவள், ஒரு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வைக்கு உட்கார்ந்துவிட்டாள், இப்படி உட்காருகிற ஆள்தானா நான் என்று ஒரு கேள்வி வந்தது, அதற்கு மார்க் கிடையாது. கதவு திறந்துதான் இருந்தது. நடந்தால் நான்கு எட்டு. நடந்து என்ன, போன் பையில், பை பூட்டின அறையில், சாவி மேடத்தின் மேசையில். வெளியே உடைமரங்களுக்குள் மயில் ஒன்று அகவிக்கொண்டே இருந்தது, இந்தக் கல்லூரியில் மயிலுக்கு மட்டும் எந்த நேரமும் கத்த அனுமதி. யாராவது தற்செயலாக அறைக்குள் போயிருக்கக் கூடாதா, பக்கத்து அறை அருள்மணி எண்ணெய் வாங்க வருவாளே, வந்து என்ன புஷ்பம் போன வச்சிக்கிட்டு முழிக்க என்று எட்டிப் பார்த்து, அட, நாகஜோதி ஏழாவதுல்லா, என்று தொட்டுக் கொடுத்திருக்கலாம், வழக்கமாக எல்லோரும் செய்கிற அதே டக்கு டக்கு, அதைத்தான் கூடாது என்று தங்கபுஷ்பம் கதவைச் சாத்தியிருப்பாள், சாத்தின கதவை யாராவது தட்ட வேண்டும் என்று இவள் இங்கே உட்கார்ந்து வேண்டுகிறாள். பன்னிரண்டு அடித்தால் பக்கம் தானே பூட்டிக்கொள்ளும். அதுவும் அவள் எழுதினதுதான். தேர்வு செய்தபின் மாற்ற இயலாது என்று சிவப்பில் போட்டதும், பட்டியல் யார் கையிலும் படாமல் நேரே அச்சாகட்டும் என்று வைத்ததும் அவள்தான், ஆபீஸ்காரர் நடுவில் புகுந்து ஆளை மாற்றக்கூடாது என்பதற்காக, நியாயத்துக்காக, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள் அதை, ஒரு ஓட்டை கிடையாது, எழுதினவளே நுழைய முடியாது. மணி என்ன என்று பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை, சுவர்க்கடிகாரம் ஓடவில்லை என்பது அப்புறம் தெரிந்தது, அது எப்போதிருந்தோ ஏழரையில் நின்றுகொண்டிருந்தது. பேனாவை எடுத்து இரண்டாம் வரியில் ஈ.என்.-ஐ அடித்தாள். மேலே டி.ஏ. என்று எழுதினாள். இவ்வளவுதான் வேலை. இரண்டு எழுத்து, அரை மூச்சு. இந்தத் தாளில் இருந்தது அவளால் முடிந்தது, இது எந்த மெசினிலும் ஓடாது, எந்தக் குரலும் இதைப் படிக்காது, இதைத் திருத்துகிற யாரோ ஒரு ஆசிரியர் வெளியூர் மையம் ஒன்றில் டீக்குக் காத்துக்கொண்டே, மனப்பாடமான வரியில் பிசகு என்று அரை மார்க் குறைப்பார், குறைக்கட்டும், முழுக்கவே குறைக்கட்டும். பக்கத்தைப் புரட்டிப் பதினோராம் கேள்வியின் விடைக்குப் போனாள், பொறுப்பாளி என்பதன் கீழே இரட்டைக் கோடு அழுத்தி விழுந்திருந்தது, தாளின் மறுபக்கம் வரை தடம் தெரிந்தது. அதை அடிக்கலாமா என்று யோசித்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடிக்கவும் முடியவில்லை. எங்கோ தூரத்தில் நண்பகலுக்கான சங்கு ஊதியது, மில் சங்காக இருக்கும், நீளமாக ஊதி ஓய்ந்தது, ஓய்ந்த பிறகு அவள் மிச்சக் கேள்விகளை எழுதினாள், என்ன எழுதினாள் என்று தெரியாது, கை எழுதியது.

வராந்தாவில் பைகள் குவிந்து கிடந்த அறைக்கு முன்னால் நெரிசல், எல்லோரும் எல்லோரையும் என்ன எழுதின என்ன எழுதின என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனைத் திறந்தபோது தங்கபுஷ்பத்தின் குரல்செய்தி ஒன்று இருந்தது, பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்தது. சுவர் ஓரமாக ஒதுங்கிக் காதில் வைத்தாள்.

"ஏட்டி இசக்கி, முடிச்சாச்சு. நானே முடிச்சேன். அருள்மணி வந்து கதவத் தட்டுனா, அப்புறம் வான்னு வெரட்டி விட்டுட்டேன். நல்லா எழுதிருக்கட்டி. ஒன், பட்டன், டூ, பட்டன்னு வரிசையாச் சொல்லுது, செல்வின் பயலோடது மாதிரி காலும் தலையும் மாறல. பேரு மட்டும் சொல்லல. மொதல்ல முழிச்சேன், அப்புறந்தான் வெளங்குச்சு. வேண்டியவ வேண்டாதவன்னு எவளும் பாக்கக் கூடாதுன்னு பேர மறச்சு வச்சிருக்க, என்ன. நீ செய்வ, ஒன்னத் தெரியாதா எனக்கு. எல்லாருக்கும் ஒரே நியாயந்தான், நாகஜோதி வேணும்னு நான் நெனச்சதே தப்பு. நாலத் தொட்டேன். அதுவரைக்கும் எவளும் சொல்லித் தரல கேட்டியா, நானே தொட்டேன். நாலு யாருட்டி?"

நாலு யார் என்று இசக்கிக்குத் தெரியும், பட்டியலைத் தட்டினது அவள்தான், மேலாண்மைத்துறைப் பையன், பத்தாவதுக்கு மேல் தமிழ் படிக்காதவன், சர்டிபிகேட்டுக்குச் சேவை மணிநேரம் வேண்டுமென்று பெயர் கொடுத்தவன், நல்ல பையன்தான், எழுதுவான், என்ன எழுதுவானோ எழுதுவான். செய்தியை மறுபடி போட்டாள், நானே என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று கேட்கவா, இல்லை எங்கேயாவது ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறதா என்று கேட்கவா, சந்தேகம் எங்கும் இல்லை, குரல் சிரித்துக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நானே என்பது போய்விடும். சொல்லாவிட்டால் பேப்பர் போய்விடும். சொன்னாலும் போய்விடும், பூட்டின பக்கத்துக்கு யார் சொன்னாலும் கேட்காது, ஆபீசில் போய்க் கெஞ்சினால் நீங்கதானம்மா மாத்தக்கூடாதுன்னு எழுதுனீங்க என்று சிவப்பு வரியையே திருப்பிக் காட்டுவார்கள், காட்டட்டும், கெஞ்சலாம், கெஞ்சுவதற்கும் முதலில் தங்கபுஷ்பத்திடம் சொல்லியாக வேண்டும். செல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தோள்பையால் இடித்தான்.

"ஏ இசக்கி, பதினொண்ணுக்கு நான் என்ன எழுதுனேன்னு கேளேன். கைதான் ஒசத்தின்னு எழுதிட்டேன். பஸ்ல நீ கத்துனது பூராவும், ஒரு பாயிண்டு விடல. ஒம் புண்ணியத்துல பதிமூணும் விழுந்துரும்."

அவள் திட்டுவாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நின்று பார்த்துவிட்டு, "என்ன, ஒண்ணும் சொல்லல? காச்சலா?" என்றான்.

"போல அங்கிட்டு," என்றாள், அதில் சூடே இல்லை, அவன் தயங்கி நகர்ந்து போனான். பேசுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தாள், வாயருகே கொண்டுபோனாள், புஷ்பம் என்று ஆரம்பிக்க வேண்டும், நாலு யாருன்னா என்று ஆரம்பிக்க வேண்டும், அது நியாயம் இல்லட்டி, அது என் தப்பு என்று ஆரம்பிக்க வேண்டும், நொடிகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் முழுசாக மனசுக்குள் எழுதினாள், எழுதி முடித்ததும் அது வேறு யாரோ பேசுகிற வாதம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டு அடுத்ததை எழுதினாள், செருப்புச் சத்தங்கள் கடந்துபோயின, யாரோ யாரையோ கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள், கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது, செய்தி போய்விட்டது. உடனே பதில் வந்தது, அந்தப் பக்கம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள்.

"என்னட்டி, சனம் சலசலங்கது மட்டுந்தான் வருது. நீ சொன்னது ஒண்ணும் கேக்கல. திரும்பச் சொல்லு."